ஓடாம நிக்கற ஏடிவிக்கு டயர்ல ஏன் வெடிப்பு விழுது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டுலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். கனகபுரா ரோடு தாண்டி குடும்பத்துக்கு ஒரு தோட்டம் இருக்காம், அங்க ஓட்டறதுக்குன்னு 2023 ஜனவரில புதுசா ஒரு ஏடிவி, அதான் மண்ணுல ஓட்டற நாலு சக்கர பைக், வாங்கியிருக்கார். ரெண்டரை வருஷத்துல 600 கிலோமீட்டர் கூட ஓடல, பட்டன், அதாவது டயர் மேல தரைய பிடிக்கற மேடுங்க, தேயவே இல்ல, ஆனா நாலு டயர்லயும் சைடுல மயிரிழை மயிரிழையா வெடிப்பு, அதுவும் வலது பக்கம் ரெண்டுலயும் ரொம்ப ஜாஸ்தி. வாராவாரம் ஆள் விட்டு கழுவி பாலிஷ் போட்டும் இப்படி ஆயிடுச்சே, டயரே மட்டமா, ஏதாவது தடவினா அடையுமா, லீவுல பசங்கள ஏத்தி ஓட்டலாமான்னு கேட்டு அஞ்சு போட்டோவும் அனுப்பியிருக்கார்.

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இப்ப பசங்கள ஏத்தாதீங்க. ஒருத்தர் ஓட்டற மாதிரி செஞ்ச ஏடிவில ரெண்டாவது ஆள் உக்காரவே கூடாது, டயர் நல்லா இருந்தாலும் அப்படித்தான். உங்க டயர் இருக்கற நிலைமைல நீங்க தனியா ஓட்டறதுக்கு முன்னாடியே கீழ சொல்ற சோதனைய பண்ணிப் பாத்துடணும்.

நீங்க அனுப்பின மூணாவது போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். சைடு வால்ல, அதாவது டயரோட பக்கச் சுவர்ல, ஒரு சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள்ள 3819னு அச்சு தெரியுது. முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம், அதாவது அந்த டயர் 2019ல 38வது வாரம், செப்டம்பர் மாசம் அச்சுலேர்ந்து வெளிய வந்தது. நீங்க வண்டி வாங்கின அன்னிக்கே அதுக்கு மூணே கால் வயசு, இப்ப ஆறு வருஷத்துக்கு ரெண்டு மூணு மாசம்தான் பாக்கி. நீங்க ரெண்டரை வருஷ டயர்னு நினைச்சு மனசு வருத்தப்படறீங்க, ரப்பர் தன் வயச பில்லு தேதிலேர்ந்து எண்ணாது. நம்ம ஊர்ல ஏடிவி மெதுவா விக்கற சரக்கு, குடோன்ல வருஷக்கணக்கா நிக்கறது சகஜம். மத்த மூணு டயர்லயும் அந்த நம்பரப் பாருங்க, சில சமயம் அது உள்பக்கமா இருக்கும், வண்டிக்கு அடில டார்ச் அடிச்சுத் தேடணும்.

ஆனா வயசு மட்டும் காரணம்னு விட முடியாது. ஆறு வருஷம் தினமும் வேலை செஞ்ச டயர் இத விட நல்லா இருக்கறத நான் நிறைய பாத்திருக்கேன். ஜே.சி. ரோடு பக்கம் இருபது வருஷத்துக்கு மேல டயர் கழட்டி மாட்டின கை இது, ஒரு வண்டி ஞாபகம் வருது. பட்டன் மேல புது டயர்ல சின்னச் சின்னதா ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அது கூட உதிரல, அவ்ளோ கம்மியா ஓடின டயர். சைடு வால ரெண்டு கட்டைவிரலால அமுக்கி வளைச்சேன், வாய் மாதிரி திறந்துச்சு, டயரத் தாங்கற நூல் உள்ள வெள்ளையா தெரிஞ்சுது. ஓனரால நம்பவே முடியல, "ஓட்டவே இல்லையே அண்ணா, ஷெட்லதானே நின்னுச்சு"ன்னு திரும்பத் திரும்ப சொன்னார். ஷெட்ல நின்னதுதான் பிரச்னையே.

டயர் ரப்பர்ல பெரும்பகுதிய காத்துல இருக்கற ஓசோன் அரிக்கும். ரப்பர் மூலக்கூறு சங்கிலில இரட்டைப் பிணைப்புன்னு ஒண்ணு இருக்கு, ஓசோன் நேரா அங்க போய் வெட்டும், அதுவும் ரப்பர் இழுபட்டு நிக்கற இடத்துல மட்டும்தான் வெடிப்பாத் திறக்கும். இது தெரிஞ்சுதான் டயர் செய்யும்போதே மெழுகும், ஓசோனத் தடுக்கற ரசாயனமும் கலந்து விடறாங்க. அது உள்ளேர்ந்து மெல்ல மேல கசிஞ்சு வந்து ஒரு மெல்லிசு தோல் மாதிரி படியும், டயர் உருளும்போது சைடு வால் மடங்கி மடங்கி நிமிரும்ல, அந்த அசைவுலதான் அந்தத் தோல் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கும். வண்டி மாசக்கணக்கா ஒரே இடத்துல நின்னா அந்த வரத்து குறைஞ்சுடும், அதோட கீழ தரைய அமுக்கற இடத்துல சைடு வால் பிதுங்கி இழுபட்டு அப்படியே நிக்கும், ஓசோனுக்கு அது போதும். உங்க டயர்ல வெடிப்பு சுத்தி ஒரே சீரா இருக்கா, இல்ல ஒரு பக்கம் கூட்டமா இருக்கான்னு பாருங்க. ஒரே இடத்துல கூட்டமா இருந்தா நின்னு நின்னே போனதுன்னு அர்த்தம்.

வலது பக்கம் ஏன் ஜாஸ்தின்னா, உங்க நாலாவது போட்டோலயே ஷெட்டோட ஒரு பக்கம் சுவர் இல்லாம திறந்து இருக்கு, வலது சக்கரம் ரெண்டும் அந்தப் பக்கம்தான் நிக்குது. அது மேற்குப் பக்கமா இருந்தா தினமும் சாயங்கால வெயில் பூரா அந்த ரெண்டுதான் வாங்குது. பெங்களூரு வெயில் சுடாதுன்னு நாம சாதாரணமா விட்டுடறோம், ஆனா கடல் மட்டத்துலேர்ந்து ஏறக்குறைய 900 மீட்டர் உசரத்துல இருக்கோம், ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும்னு கணக்கு, குளிர்ந்த காத்து அத ஒண்ணும் குறைக்காது. இன்னொண்ணு, தோட்டத்துல சுத்தமான காத்துதானேன்னு தோணும். வண்டிப் புகைல வெயில் பட்டுத்தான் தரை மட்ட ஓசோன் உண்டாகுது, நெரிசல் ரோட்டுல அதே புகைல இருக்கற நைட்ரிக் ஆக்சைடு ஓசோன தின்னுடும், அதனால பல ஊர்கள்ல நகரத்துக்கு உள்ள இருக்கறத விட காத்து போற திசைல இருக்கற புறநகர்லதான் ஓசோன் கூட இருக்கும். ஷெட்ல வெல்டிங் வேலை நடந்தா அதுவும் ஓசோன் கிளப்பும், அந்த நாள்ல வண்டிய வேற இடத்துல விடுங்க.

இப்ப நீங்க ஆசையா பண்ற அந்த வாராந்திர பாலிஷுக்கு வரேன், எனக்கு மனசு கேக்காத விஷயம் இது. டயர் கொஞ்ச நாள்ல பழுப்பு நிறமாகுதே, அழுக்குன்னு பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுக்கறோம். அதுல பாதி அழுக்கே இல்ல, நான் சொன்ன அந்தத் தடுப்பு ரசாயனம் மேல வந்து காத்து பட்டுப் பழுப்பானது. அதத் தேய்ச்சு எடுத்துட்டு மேல எண்ணெய்ப் பசை பாலிஷ் அடிச்சா, அது மிச்சத்தையும் கரைச்சு இழுத்துடும். சில வாட்டர் வாஷ்ல கடைசியா டீசல்லயோ மண்ணெண்ணெய்லயோ துணிய நனைச்சு ஒரு தடவு தடவி விடுவாங்க, கருகருன்னு மின்னும், அது ரப்பர ஊற வச்சு கெடுத்துடும். கழுவற ஆள்கிட்ட இன்னிக்கே சொல்லி நிறுத்துங்க. தண்ணி, காரம் இல்லாத சோப்பு, மெத்துன்னு ஒரு துணி போதும். மண்ண அலசி விடுங்க, பழுப்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

அடுத்தது காத்து. காருக்கு 33 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) வைக்கறோம்னு வைங்க, ரெண்டு குறைஞ்சா 6 சதவீதம்தான், பெருசா தெரியாது. ஏடிவிக்கு பெரும்பாலும் 4லேர்ந்து 7 பிஎஸ்ஐக்குள்ளதான் போட்டிருப்பாங்க, மட்கார்டு கிட்ட ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க. 5 இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு குறைஞ்சா 40 சதவீதம் போச்சு, சைடு வால் முழுக்க மடிஞ்சு நிக்கும். பெட்ரோல் பங்க் மீட்டர்ல அவ்ளோ கீழ சரியா காட்டாது, அங்க பையன் பழக்கத்துல 25, 30ன்னு ஏத்தி விட்டுடுவான், அப்ப டயர் பலூன் மாதிரி உப்பி தோல் பூரா இழுபடும், ஓசோனுக்கு வேலை சுலபம். ரெண்டு வழிலயும் வெடிப்புதான் வரும். 0லேர்ந்து 15 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டற தனி மீட்டர் ஒண்ணு வாங்கி வண்டியோட வச்சுக்கோங்க, ஓட்டறதுக்கு முன்னாடி டயர் குளிர்ந்து இருக்கும்போது பாருங்க.

சோதனை இதுதான். வண்டிய ஜாக்கில தூக்கி, சக்கரத்த மெல்லச் சுத்திக்கிட்டே, வெடிப்பு இருக்கற இடத்த ரெண்டு கட்டைவிரலால விரிச்சு டார்ச் வெளிச்சத்துல பாருங்க. மேல் தோல்ல மட்டும் கோடு கோடா இருந்து, நகம் வச்சா மாட்டலன்னா, கொஞ்ச நாள் மெதுவா, தனியா ஓட்டலாம், மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாக்கணும். நகம் உள்ள இறங்கினாலோ, நூல் தெரிஞ்சாலோ, எங்கயாவது வீங்கி நின்னாலோ அன்னிக்கோட அந்த டயருக்கு வேலை முடிஞ்சுது. அப்பறம் சோப்புத் தண்ணிய சைடுலயும் ரிம் ஓரத்துலயும் ஊத்திப் பாருங்க, குமிழ் வந்தா காத்து கசியுது. தடவி அடைக்கற விஷயம் கேட்டீங்க, வேண்டாம். பஞ்சர் சொல்யூஷனோ, கருப்பு பேஸ்ட்டோ வெடிப்ப மறைக்கும், உள்ள அறுந்த ரப்பர் ஒட்டாது, நாளைக்கு அது ஆழமானாலும் உங்க கண்ணுக்குத் தெரியாம போயிடும். போட்டோல பாத்த வரைக்கும் வலது பின் டயர் மாத்த வேண்டியதுதான்னு எனக்குப் படுது. பின்னாடி ரெண்டையும் ஜோடியாவே மாத்துங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னு போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

டயர் மட்டம்னு கம்பெனி மேல சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி வாரண்டி தாள படிங்க, பொதுவா தயாரிப்புக் குறைக்குத்தான் தருவாங்க, வெயில் ஓசோன் வெடிப்பு பெரும்பாலும் அதுல வராது. வித்த டீலர்கிட்ட வேணா அந்த 3819அ காட்டி, புது வண்டின்னு சொல்லி மூணு வருஷத்துக்கு மேல பழசான டயரக் கொடுத்திருக்கீங்களேன்னு பில்லோட போய்க் கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

புது டயர் வந்ததும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பதினஞ்சு இருபது நிமிஷம் வண்டிய உருட்டுங்க, தோட்டத்துல இருக்கறவர்கிட்ட சாவி கொடுத்தாலும் சரி. ரெண்டு மூணு மாசம் யாரும் போகப் போறதில்லைன்னா நாலு பக்கமும் ஸ்டாண்ட் வச்சு சக்கரம் தரைல படாம தூக்கி விடுங்க, வெயில் வர்ற அந்தப் பக்கத்துக்கு ஒரு தார்ப்பாய் கட்டுங்க. கடைல டயர் வாங்கும்போது மாட்டறதுக்கு முன்னாடியே நாலு இலக்க நம்பரப் படிங்க, ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா வேற கொண்டு வரச் சொல்லுங்க, ஒத்துக்கிட்ட நம்பர பில்லுலயும் எழுதி வாங்கிக்கோங்க.