பாய்ப்படகில போறவைக்கு வெளிநாட்டுத் துறைமுகத்தில கிறிஸ்மஸ் எப்பிடி இருக்கும்? தனிமையா இருக்காதா?

தம்பி, வெள்ளைக்காரச் சோடி ஒண்டு பாய்ப்படகில உலகம் சுத்துற வீடியோவைப் பாத்திட்டுத்தான் நீங்கள் இதைக் கேட்டிருப்பியள். நான் முல்லைத்தீவு. ஒரு நத்தார் அப்பிடி இருந்தனான், அந்த உரிமையில சொல்லுறன். கீழ வந்து "சம்பளத்துக்குப் போனவன் உல்லாசப் பயணத்தைப் பற்றி எழுதுறான்" எண்டு போடப் போறவைக்கு, ஓம், சம்பளத்துக்குத்தான் போனனான். மலேசியாவின்ர லங்காவித் தீவில போட் யார்ட்டில ஃபைபர் ஒட்டுற வேலை, அங்க ஒரு ஒல்லாந்துக்காரக் கிழவனும் மனிசியும் தங்கட 40 அடிப் படகை இலங்கையின்ர காலித் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒராள் தேடிச்சினம், ஊருக்கு ரிக்கெட் காசு மிச்சம் எண்டு ஏறீட்டன்.

எங்கட படகு மாதிரிக் கனபடகு நத்தாருக்குத் தாய்லாந்தின்ர புக்கெட் தீவில வந்து நிக்கிறதுக்குக் காரணம் வடகிழக்கில இருந்து வாற வாடைக்காத்து. மார்கழியில எங்கட பக்கம் வாடை நேர கரையில வந்து அடிக்கும், கடல் குழம்பி, கனநாள் போட் இறக்கேலாது, தொழில் குறைவு, நத்தாருக்கு உடுப்பு எடுக்க அம்மான்ர தோடு அடகுக்குப் போகும். அதே காத்து புக்கெட்டின்ர மேற்குக் கரைக்குத் தரையைத் தாண்டித்தான் வருது, அதால அங்க நாய் ஹான் எண்ட குடாவில தண்ணி குளம் மாதிரிக் கிடக்கும். பேந்து தையில அந்த வாடையையே பாயில பிடிச்சுக்கொண்டு காலிக்கு 1,100 கடல்மைல் அளவு ஓடலாம். எங்களை வீட்டில இருத்துற காத்தில அவைக்குக் கொண்டாட்டம்!

தனிமை எண்டு கேட்டியள், அதுக்கு அங்க இடமே இல்லை. விடிய ரேடியோவில ஆர் வந்தது, எங்க காஸ் நிரப்பலாம் எண்டு கதை துவங்கும், பின்னேரம் ரப்பர் டிங்கியில கரைக்குப் போய் ஆளுக்கொரு சட்டி சாப்பாடு. தாய்லாந்தில நத்தாருக்கு அரசாங்க லீவும் இல்லை, கடையெல்லாம் திறந்திருந்தது. எங்கட இஞ்சின் பம்புக்கு ஒல்லாந்தில இருந்து வரவேண்டிய சாமான்தான் அங்க லீவில கிடந்தது.

என்ர பங்குக்குக் கூழ் காய்ச்சினன். அம்மா குடுத்துவிட்ட ஒடியல் மா, காய்ஞ்ச பனங்கிழங்கு மா, ஒரு கிலோ கிடந்தது. அதை ஊறப்போட்டு, தெளிவை ஊத்தி, திரும்ப ஊறப்போட வேணும், இல்லாட்டிக் கசக்கும். ரெண்டாந்தரம் ஊத்தேக்க கிழவன் கண்டிட்டார், ராங்கில இருக்கிற நல்லதண்ணி கொஞ்சம், அதை இப்பிடி ஊத்துறியோ எண்டு ஒரே சத்தம். மூண்டாந்தரம் கடல்தண்ணியில ஊறப்போட்டன், கூழுக்கு உப்புப் போடவேண்டி வரேல்லை. படகில அடுப்பு தொட்டில் மாதிரி ஆடும், படகு சரிஞ்சாலும் சட்டி நேர நிக்கும், ஆனா அகப்பையோட நிக்கிற நாங்கள்தான் சரிவம். நண்டு, றால், பயித்தங்காய் எல்லாம் போட்டு, பனையோலைப் பிளா இல்லாமல் கோப்பிக் கப்பில குடுத்தன். மூக்கால ஓட ஓடக் குடிச்சிச்சினம்.

அதுக்குள்ள ஒரு மனிசன், சுனாமிக்குப் பிறகு நாங்களும் உங்கட ஊருக்கு போட் வாங்கக் காசு அனுப்பினனாங்கள் எண்டார். எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை. கடல் பக்கமே போகாத ஒரு கடைக்காரருக்கு ரெண்டு போட், மூண்டு பொடியளோட தொழில் செய்த எங்கட வீட்டுக்கு ஒண்டும் இல்லை, பேந்து கெஞ்சி மண்டாடி ஒண்டு வந்தா அதின்ர ஃபைபர் கடதாசி மாதிரி, ஒரு சீசனிலேயே இஞ்சின் பூட்டுற பின்பலகையில வெடிப்பு. நான் ஃபைபர் ஒட்டப் பழகினதே அந்த வெடிப்பில. 2009 இல அதுவும் போச்சு. உதவி செய்த எல்லாரையும் நான் குறை சொல்லேல்லை, நல்ல போட் கிடைச்ச ஆக்களும் இருக்கினம், அதுக்கு ஆரும் சண்டைக்கு வராதேங்கோ.

நீங்கள் கேட்டது கிறிஸ்மஸ். எனக்குக் கஷ்டம் அடுத்த நாள்தான். 2004 நத்தாருக்குப் பாதிரியார் வீட்டு வளவில விளையாடின பொடியளில பாதிப்பேர் 26 விடிய இல்லை. என்ர அக்காவும் இல்லை. புக்கெட்டிலயும் அந்தக் கடல்தான் ஏறினது. அந்த நத்தாருக்கு அடுத்த நாள் நான் விடிய படகின்ர முன்பக்கம், அணியத்தில போய் இருந்திட்டன், அங்கத்தைய நேரம் பத்தரை ஆகேக்கதான் ஊரில ஒன்பது, அம்மா போனில நினைவுத்தூபியில கொளுத்தின மெழுகுதிரியைக் காட்டினா.

பக்கத்துப் படகுக் கிழவர் ஒராள் டிங்கியில வந்தவர், கூழ் குடிச்ச கப்பைத் திருப்பித் தர. சுனாமி நேரம் தான் லங்காவிக்கு வெளியால ஆழத்தில ஓடிக்கொண்டிருந்தவராம், ஒண்டுமே தெரியேல்லையாம், பின்னேரம் வந்து பாத்தா அங்கத்தைய படகுத்துறை, தெலகா மரீனா, உடைஞ்சு கிடந்ததாம். எங்கட ஒழுங்கையில ஒரு சைவ சமயக்காரர், அவருக்கு நத்தார் இல்லைத்தானே, சுனாமி அண்டைக்குத் தொழிலுக்குப் போனவர், அவரும் அப்பிடித்தான், மீனோட திரும்பி வந்தவர், வீட்டைக் காணேல்லை. அதைச் சொன்னன். கிழவர் ஒண்டும் கதைக்கேல்லை, கொண்டுவந்த கப்பைத் தராமல் கையிலயே வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தவர்.