போக்கிமான் கார்டுகளில் பார்டர் ஏன் கோணலாக இருக்கிறது? இவ்வளவு பெரிய கம்பெனிக்கு நேராக வெட்டத் தெரியாதா?

மகனுக்கு வாங்கிய பாக்கெட்டுகளில் சில கார்டுகளின் மஞ்சள் பார்டர் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருக்கிறது, ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகள் வேறு, இது டூப்ளிகேட்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டும் வைத்து டூப்ளிகேட் என்று முடிவு கட்டாதீர்கள். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் பதினோரு வருடம் இருந்தேன். அதில் கடைசி ஆறு வருடம் கட்டிங் மிஷினில். போக்கிமான் கார்டை என் கையால் வெட்டியதில்லை. ஆனால் தாளும் கத்தியும் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் படுத்தும்.

கார்டுகளை ஒவ்வொன்றாக யாரும் அச்சடிப்பதில்லை. பெரிய ஷீட்டில் வரிசை வரிசையாக அடித்து, பிறகு வெட்டுவார்கள். 1993இல் வந்த மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் ஷீட்டில் பதினொன்றுக்குப் பதினொன்று, மொத்தம் 121 கார்டு. ஒரு கார்டு 63 மி.மீ. அகலம் என்றால் பதினொன்றுக்கு 693 மி.மீ. இப்போது அந்த ஷீட் ஈரக்காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட 0.7 மி.மீ. தள்ளிவிடும். கத்திக்கு அது தெரியாது. அதற்குக் கொடுத்த அளவில்தான் அது இறங்கும்.

0.7 எல்லாம் ஒரு குறையா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்டர் இரண்டு பக்கமும் 3 மி.மீ. இருக்க வேண்டிய கார்டு. வெட்டு வெறும் 0.3 மி.மீ. நகர்ந்தால் ஒரு பக்கம் 3.3, மறுபக்கம் 2.7. அதாவது 55க்கு 45. கார்டுகளுக்கு மார்க் போடும் அமெரிக்கக் கம்பெனியான பி.எஸ்.ஏ. பத்துக்குப் பத்து கொடுக்க முன்பக்கத்தில் இப்போது ஏற்றுக்கொள்ளும் எல்லை ஏறக்குறைய அதுதான். 0.3 மி.மீ. என்பது அந்தக் கார்டின் தடிமன் அளவு. ஒரு கார்டைப் படுக்க வைத்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு நகர்ந்தால் பத்து மார்க் கைநழுவும் நிலைக்கு வந்துவிடும். நாங்கள் காலண்டர் வெட்டும்போது அரை மி.மீ.யை ஒரு பிசகாகவே எண்ணியதில்லை.

குற்றத்தில் பாதி டிசைன் செய்தவருடையது என்பேன். விசிட்டிங் கார்டு டிசைன் செய்யும் சின்னக் கடையில்கூடச் சொல்வார்கள், ஓரத்துக்கு மெல்லிய பார்டர் போடாதீர்கள், படத்தை வெளியே 3 மி.மீ. ஓடவிடுங்கள் என்று. படம் விளிம்பு வரை ஓடினால் கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நாலு பக்கமும் ஒரே அளவு பார்டர் போட்டால், அது கட்டிங் ஆள் பக்கத்திலேயே ஒட்டிவைத்த ஸ்கேல் மாதிரி. பிழையை அதுவே அளந்து காட்டிவிடும்.

அப்புறம் கத்தி. ஐந்நூறு ஷீட்டை அடுக்கி, கிளாம்ப் அமுக்கி, மேலிருந்து கத்தி இறங்குகிறது. அமுக்கம் சரியாக இல்லாவிட்டால் மேல் ஷீட்டுகள் கத்தியோடு லேசாக இழுபடும், மேலே ஓர் அளவும் அடியில் ஓர் அளவுமாக வரும். சில ஆலைகளில் ஷீட்டை முதலில் பட்டைகளாக வெட்டி, பிறகு கார்டுகளை டையில், அதாவது கார்டு வடிவத்திலேயே இருக்கும் வெட்டு அச்சில், பஞ்ச் அடித்து எடுப்பார்கள். அங்கே பட்டை கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் படமே சாய்ந்து போகும். மூலை வளைவும் டையைப் பொறுத்ததுதான். மேஜிக்கின் முதல் பதிப்பான ஆல்ஃபாவின் மூலைகள் அடுத்து வந்த பீட்டாவை விட அதிகமாக உருண்டிருக்கும். இரண்டும் பெல்ஜியத்தில் ஒரே ஆலையில் அடித்தவை, டை மட்டும் வேறு.

அந்த வெள்ளைப் பொட்டுகளும் கத்தி வேலைதான். கூர் மழுங்க மழுங்க அது வெட்டுவதை விட்டுவிட்டுக் கடிக்க ஆரம்பிக்கும். மேலே இருக்கும் மை உரிந்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். போக்கிமான் கார்டின் முதுகு கரு நீலம் என்பதால் கடுகளவு உரிந்தாலும் பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி 1971இல் கருப்பு பார்டரோடு பேஸ்பால் கார்டு போட்டது. ஓரம் உரியாத 71ஆம் வருடக் கார்டைத் தேடி இன்றும் ஆட்கள் அலைகிறார்கள்.

கனடாவில் ஓ-பீ-சீ என்று ஒரு கம்பெனி. அவர்களுடைய ஐஸ் ஹாக்கி கார்டுகளின் ஓரம் எலி கறும்பியது போல இருக்கும். 1979இல் வந்த, ஐஸ் ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியின் முதல் கார்டும் அப்படித்தான். பத்து மார்க் வாங்கிய ஒன்று 2021இல் 37.5 லட்சம் டாலருக்குப் போனது. இதில் வேடிக்கை, அந்தக் கார்டின் ஓரம் வழவழவென்று இருந்தால்தான் இப்போது சந்தேகப்படுகிறார்கள், எவனோ பிறகு சீவியிருக்கிறான் என்று.

அச்சுப் பக்கம் வந்தால் கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். நாலு கலருக்கு நாலு பிளேட். ஒன்று இம்மி நகர்ந்தால் ரிஜிஸ்டர் அவுட், எழுத்துக்கு ஓரத்தில் நிழல் விழுந்த மாதிரி இருக்கும். பிளேட்டிலோ, மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் பிளாங்கெட்டிலோ ஒரு தூசி உட்கார்ந்தால் மோதிரம் போன்ற வெள்ளை வட்டம், அதைத் துடைக்கும்வரை ஒவ்வொரு ஷீட்டிலும் அதே இடத்தில் வரும். 1990இல் டாப்ஸ் போட்ட பேஸ்பால் வீரர் ஃபிராங்க் தாமஸ் கார்டுகளில் ஒரு பகுதிக்கு அவர் பெயரே இல்லை. ஷீட்டில் அந்த இடத்தில் கருப்பு மை விழவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த கார்டுகளிலும் கருப்பு அங்கங்கே விட்டுப்போயிருக்கிறது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, மை விழாத இடத்தின் வடிவத்தையே சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பொறுமை எங்கள் பிரஸ்ஸில் யாருக்கும் இருந்ததில்லை.

முன்னும் பின்னும் ஒத்துப்போகாததுதான் எனக்குத் தனிப்பட்ட முறையில் வலி. ஓர் ஐப்பசியில் ஒரு மிட்டாய் கம்பெனிக்கு கிரிக்கெட் வீரர் அட்டை அடித்தோம். சனிக்கிழமை முன்பக்கம் ஓட்டினோம். இரண்டு நாள் விடாத மழை. திங்கட்கிழமை பின்பக்கம் ஓட்டும்போது அடுக்கின் ஓரமெல்லாம் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. முன்பக்கத்துக்கு அளவு வைத்து வெட்டினால் பின்பக்கம் ஒரு மி.மீ. ஓடியிருக்கிறது. முதலாளியிடம் போய், “அண்ணாச்சி, பின்னாடி ஓடிருக்கு” என்றேன். ஓர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “மிட்டாய்க்குள்ள போறதுக்கு எவன் ஸ்கேல் வச்சுப் பாக்கப் போறான்? வெட்டுப்பா” என்றார்.

வெட்டினேன். ஒரு புகாரும் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அண்ணாச்சி சொன்னதுதான். இவை மிட்டாயோடும் சூயிங்கத்தோடும் சின்னப் பிள்ளைகள் கைக்குப் போகப் பிறந்த பொருள். டாப்ஸே அப்போது பபிள்கம் கம்பெனிதான். அவர்களுடைய 1952ஆம் வருடக் கார்டுகளில் விற்காமல் கிடந்தவற்றை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அங்கே வேலை பார்த்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே வரிசையைச் சேர்ந்த, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மிட்டாய் விலைக்கு அடிக்கிற பொருளை நகைக்கடைத் தராசில் வைத்து நிறுக்கிறோம், அது தாங்கவில்லை. கம்பெனியால் இன்னும் துல்லியமாக வெட்ட முடியாதா என்றால், முடியும். மெதுவாக ஓட்ட வேண்டும், கத்தியை அடிக்கடி மாற்ற வேண்டும், தாளைக் காயப்போட வேண்டும், வேஸ்டேஜை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023-24 நிதியாண்டில் மட்டும் ஏறக்குறைய 1,190 கோடி போக்கிமான் கார்டு அச்சாகியிருக்கிறது. அந்த வேகத்தில் ஒவ்வொன்றையும் யார் எடுத்துப் பார்ப்பது?

சரி, டூப்ளிகேட்டா என்று எப்படிப் பார்ப்பது? கார்டின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நல்ல கார்டில் நடுவே மெல்லிய கருப்புக் கோடு ஓடும். வெளிச்சம் ஊடுருவாமல் இருக்க இரண்டு தாளுக்கு நடுவே வைக்கும் அடுக்கு அது. மலிவான டூப்ளிகேட்டில் பெரும்பாலும் அது இருக்காது, செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் தாராளமாக வரும். பளபள கார்டு வில் மாதிரி வளைந்தால் அதற்கும் பயப்பட வேண்டாம். தாள் ஈரத்தைக் குடிக்கும், மேலே இருக்கும் ஃபாயில் குடிக்காது, அதனால் வளைகிறது.

பாக்கெட்டில் எப்போதாவது பக்கத்து கார்டின் துண்டும் சேர்ந்து வெட்டுப்பட்டு வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு கவரில் போட்டு வையுங்கள். அதையே தேடி வாங்குகிற கூட்டம் இருக்கிறது. பெரிய பக்கத்தை லேசாகச் சீவிச் சமன் செய்துவிடலாம் என்று கை அரிக்கும். எனக்கே அரித்திருக்கிறது. செய்யாதீர்கள். அளவு குறைந்துவிட்டால் மார்க் போடுபவர்கள் கார்டைத் தொடக்கூட மாட்டார்கள்.