மகள் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் படிக்கலாமா?

வணக்கம் அம்மா. “ஏஐயே புத்தகத்தைப் படித்துச் சுருக்கமும் எழுதித் தந்துவிடுகிறது, அப்புறம் இந்தப் படிப்பு எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்றால் இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினியின் துணையோடு ஆராய்வது. துறை பழையது. 1949-இல் ரொபெர்ட்டோ புசா என்ற இத்தாலியப் பாதிரியார், இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்) தயாரிக்க ஐபிஎம் நிறுவனத்தின் உதவியை நாடினார். தரவைத் துளைகளாகப் பதியும் துளையட்டைகளில் தொடங்கிய வேலை 56 தொகுதிகளாக அச்சேற முப்பது ஆண்டுகள் பிடித்தன. சொற்களை எண்ணித் தரும் அந்த வேலைக்கு இன்று ஆள் தேவையில்லை. எண்ணியது சரிதானா என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

ஓலைச்சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். ‘கால’ என்று கண்ணில் படுவது கால், கால, கரல் என எதுவாகவும் இருக்கலாம். முன்பின் அடிகளையும் யாப்பையும் பார்த்தால்தான் பிடிபடும். இயந்திரமோ அதிகம் பழகிய சொல்லைத் துளித் தயக்கமும் இல்லாமல் போட்டுவிட்டுப் போகும். பிழை என்று தோன்றாத பிழை அது!

கல்லூரிக்குப் போனால் இரண்டு விஷயம் கேளுங்கள். மாணவர்களை மூலத்தைக் கையால் படியெடுக்க வைக்கிறார்களா? எந்த ஏஐ மாடல், அதன் எந்தப் பதிப்பு, என்ன கேட்டார்கள், விடையில் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவுக்கும் மதிப்பெண் உண்டா? மாடல் மாறினால் விடையும் மாறும். பதிவு இல்லாத ஆய்வை இன்னொருவர் செய்து பார்க்க வழியில்லை. ஏஐக்கு முழுத்தடை போட்டுவிட்டுப் பெருமைப்படும் துறைக்கு நான் யாரையும் அனுப்புவதில்லை.

வேலை விஷயம். பேராசிரியர் பணி மட்டும்தான் குறி என்றால் முனைவர் பட்டத்துக்குப் பிறகும் காத்திருப்பு நீளலாம். நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பதிப்பகம், மொழித்தரவுப் பணி என்று வாசலை அகலத் திறந்து வைக்கட்டும். ஓரளவு பைத்தான் என்ற நிரல்மொழி, ஒரு பழைய எழுத்துமுறையில் நல்ல பழக்கம், இரண்டும் சேர்ந்தவர்கள் குறைவு.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை. பழைய அச்சுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் மென்பொருள்) போட்டு, எழுத்தெழுத்தாகத் திருத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் சலித்துக்கொண்டால் வேறு படிப்பைப் பேசுவோம். “அம்மா, இதை எப்படித் தப்பாகப் படித்திருக்கிறது பாருங்கள்” என்று உங்களிடம் ஓடி வந்தால் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.