சேஞ்ச்லாக்கில் எவ்வளவு எழுதுவது?

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து ஒரு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். கோடின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் கமிட் (ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) பட்டியல் இருக்கிறது; ஒவ்வொரு வெர்ஷனுக்கும் அதை அப்படியே சேஞ்ச்லாக் (அந்த வெர்ஷனில் என்ன மாறியது என்ற குறிப்பு) என்று ஒட்டிவிடுகிறோம். யாரும் படிப்பதில்லை. சுருக்கினால் விவரம் விட்டுப்போகாதா?

பதில்: போகாது, முழு வரலாறும் கிட்டில் பத்திரமாக இருக்கிறது. ஒரு வரி ஏன் மாறியது என்று தேடும் புரோகிராமர் 'கிட் பிளேம்' (ஒரு வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கட்டளை) போட்டு அங்கேதான் போவார். அவருக்கான காரணங்களைக் கமிட் செய்தியில் எழுதுங்கள்: தலைப்பு வரி 50 எழுத்துக்குள், அடுத்து ஒரு வெற்று வரி, அதன் கீழ் எதற்காக இந்த மாற்றம், வேறு எந்த வழியை ஏன் கைவிட்டீர்கள் என்பது.

சேஞ்ச்லாக்கைத் திறப்பவர் வேறு ஆள். அப்டேட் போடலாமா, போட்டால் எது மாறும் என்று பார்க்க வருகிறார். அவர் பார்ப்பதோ செய்வதோ எதுவும் மாறாது என்றால் அந்த மாற்றத்தை விட்டுவிடலாம். ஃபங்ஷன் பெயர் மாற்றம், டெஸ்ட் சேர்த்தது, மெர்ஜ் கமிட் (இரண்டு கிளைகளை இணைத்ததன் பதிவு) எல்லாம் இதில் போய்விடும்.

மிஞ்சியதைக் குறைத்து எழுதாதீர்கள். 'ரவுண்ட் ஆஃப் பிழை சரிசெய்யப்பட்டது' என்றால் கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதலாம்: 'தள்ளுபடி உள்ள பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ரவுண்ட் ஆஃப் ஆனதால் மொத்தத் தொகை மாறியது. இனி கடைசி மொத்தத்தில் மட்டும் ஆகும். 2.3.0 முதல் 2.4.1 வரை இந்தப் பிழை உண்டு. ஏற்கெனவே போட்ட பில்கள் தானாக மாறாது.' கண்ணில் பட்ட கோளாறு, அது எப்போது வரும், எந்த வெர்ஷன்களில், இனி அவர் என்ன செய்யவேண்டும் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. கடைசி வாக்கியத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள். சப்போர்ட்டுக்கு வரும் அழைப்புகளும் அதனால்தான்.

தேதியை 2025-03-05 என்ற வரிசையில் போடுங்கள். 05/03 என்றால் நமக்கு மார்ச், அமெரிக்கருக்கு மே.

கேள்வி: பழைய ஏபிஐ (பிற புரோகிராம்கள் நம் மென்பொருளை அழைக்கும் வழி) ஒன்றை எடுக்கப்போகிறோம். எடுத்த பிறகு குறிப்பிட்டால் போதுமா?

பதில்: போதாது, இரண்டு முறை எழுதவேண்டும். பைத்தான் மொழியில் பேக்கேஜ் உருவாக்க உதவிய 'டிஸ்ட்யூட்டில்ஸ்' கைவிடப்படும் என்ற அறிவிப்பு 3.10-லேயே வந்தது, 3.12-இல்தான் எடுத்தார்கள். முதல் அறிவிப்பிலேயே எந்த வெர்ஷனில் போகும், அதற்குப் பதில் எதைப் பயன்படுத்துவது என்ற இரண்டும் இருக்கவேண்டும். பைத்தானில் 'வாட்ஸ் நியூ' என்று விளக்கமான பக்கம் ஒன்றும், சின்னத் திருத்தங்கள் வரை அடங்கிய சேஞ்ச்லாக் ஒன்றும் தனித்தனியாக உண்டு. பெரிய திட்டங்களுக்கு அதுவே நல்ல ஏற்பாடு. உங்களுக்கு ஒன்று போதும்.

கேள்வி: பாதுகாப்பு ஓட்டையை எவ்வளவு விவரிப்பது?

பதில்: சிவிஇ எண் (வெளியில் தெரிந்த ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) இருந்தால் அது, பாதிக்கப்பட்ட வெர்ஷன்கள், தாக்குபவரால் என்ன செய்யமுடியும், எந்த வெர்ஷனில் சரியானது. தாக்கும் வழிமுறையைப் பெரும்பாலானவர்கள் அப்டேட் போடும்வரை வெளியிடவேண்டாம்.

கேள்வி: எல்லோரும் ஒரே ஃபைலின் உச்சியில் எழுதுவதால் மெர்ஜ் கான்ஃபிளிக்ட் (ஒரே இடத்தில் இருவர் செய்த மாற்றங்கள் மோதுவது) ஓயவில்லை.

பதில்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்னத் தனி ஃபைல் வையுங்கள். வெளியீட்டின்போது 'டவுன்கிரையர்' போன்ற கருவி அவற்றை வகை பிரித்து ஒன்றாக்கிவிடும். பிறகு ஒருவரே உட்கார்ந்து முழுவதையும் படித்து, ஒரே விஷயத்தைச் சொல்லும் மூன்று குறிப்புகளை ஒன்றாக்கட்டும்.