பட்டதாரியின் பொதுத் திறனை எதைக் கொண்டு அளப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவள். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை வந்தபோது, அதைப் படித்துப் பார்த்து கிராம சபைக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னேன். இரண்டு நாள் தாளைக் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்படியானால் அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?
– விவசாயி, பென்னாகரம் வட்டம்

பதில்: ஐயா, முதலில் உங்கள் மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் வாங்கிய மதிப்பெண் உண்மையானதுதான். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான தாள்களுக்கு அக மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. இரண்டிலுமே கேட்கப்படுவது பாடத்திட்டத்தில் உள்ளதை நினைவிலிருந்து எடுத்து எழுதும் ஆற்றல்தான். நீங்கள் கேட்டது வேறு வகைத் திறன். முன்பின் பாராத ஒரு தாளைப் படித்து, அதிலுள்ள எண்ணின் பொருளை உணர்ந்து, எது நம்பத்தக்கது என்று தெளிந்து, படிப்பறிவு குறைந்தவருக்கும் விளங்கும்படி எழுதுவதைத்தான் பொதுக் கல்வித் திறன் என்கிறோம். வேதியியல் படித்தாலும் வரலாறு படித்தாலும் ஒரு பட்டதாரியிடம் இது இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் நடந்ததையே ஒரு நல்ல தேர்வாக ஆக்கலாம். மாணவரின் கையில் நான்கு தாள்களைக் கொடுப்போம். முதலாவது, ஃபுளோரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் என்று காட்டும் பரிசோதனை அறிக்கை. இரண்டாவது, 1.0 வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இந்தியத் தர அளவு. மூன்றாவது, வடிகட்டி விற்பவரின் விளம்பரத் துண்டு. நான்காவது, நீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. ஒகேனக்கல் குடிநீர் வராத நாட்களில் இந்தக் கிணற்றையே நம்பியிருக்கும் ஓர் ஊருக்காக, ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஊராட்சித் தலைவருக்கு மனு எழுத வேண்டும். நேரம் ஒன்றரை மணி.

கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு தங்கிவிடும், ஆகவே அதன் செறிவு கூடத்தான் செய்யும் என்பதை மாணவர் கண்டுகொண்டாரா? விளம்பரத்தில் சொல்லப்படாமல் விடப்பட்டது என்ன என்று கேட்டாரா? சிறு பிள்ளைகளின் பற்களில் கறை படியும் என்பதை யாரையும் அச்சுறுத்தாமல் எழுதினாரா? தர்மபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வினா இருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

கேள்வி: கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்காக, ஒவ்வொரு பாடத்திலும் முழுப் பட்டப்படிப்பிலும் மாணவர் என்ன கற்றிருக்க வேண்டும் என்று குறிக்கும் பாட விளைவு, பட்ட விளைவு அட்டவணைகளை நாங்கள் இரவு பகலாக நிரப்புகிறோம். பொதுத் திறனை அளப்பதற்கு அவையே போதாவா?
– கல்லூரி ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: போதா. அந்த அட்டவணையில் ஒவ்வொரு பாடத்துக்கும் பட்ட விளைவுக்கும் உள்ள தொடர்பை 1, 2, 3 என்று நாமே குறித்துவிட்டு, பழைய தேர்வு மதிப்பெண்ணையே அதனால் பெருக்கிச் சராசரி எடுக்கிறோம். மனப்பாடத்தை அளந்த எண் எத்தனை முறை பெருக்கினாலும் சிந்தனையை அளந்த எண்ணாக மாறிவிடாது. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அந்த உழைப்பில் பாதியை மாணவர் எழுதிய தாள்களைச் சேர்ந்து படிப்பதில் செலவிட்டால் கிடைக்கும் பயன் பெரிது.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் கூடி உருவாக்கி 2009-இல் வெளிவந்த 'வேல்யூ' அளவுகோல்கள் இந்த வழியைத்தான் காட்டுகின்றன. தனித் தேர்வு வைக்காமல், மாணவர் வகுப்புக்காக எழுதிய கட்டுரையையே எடுத்து, எழுத்து, எண்ணறிவு, ஆய்ந்து நோக்குதல் என ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் மதிப்பிடுகிறார்கள். நான் பணியாற்றிய காலத்தில் ஒரு கல்லூரியில், பெயர் அகற்றிய ஒரே விடைத்தாளைத் தமிழாசிரியருக்கும் இயற்பியல் ஆசிரியருக்கும் கொடுத்தோம். ஒருவர் பத்துக்கு எட்டு போட்டார், மற்றவர் நான்கு. முன்னவர் நடையைப் பார்த்தார். பின்னவர், மூன்றாம் பத்தியில் சான்றே இல்லாமல் முடிவு சொல்லப்பட்டிருந்ததைப் பார்த்தார். அன்று ஒரு மணி நேரம் நடந்த விவாதத்தில்தான் 'நல்ல விடை' என்று எதைச் சொல்கிறோம் என்பதே எங்களுக்குத் தெளிவாயிற்று.

இன்னொன்று. முடிக்கும்போது மட்டும் அளந்தால், நகரத்தில் நல்ல பள்ளியில் படித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியே எப்போதும் உயர்ந்து தெரியும். அரூரிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருபவர் கடந்த தொலைவு கணக்கிலேயே வராது. ஆகவே சேரும்போது ஒருமுறையும் முடிக்கும்போது ஒருமுறையும் ஒரே தரமுள்ள வினாக்களைக் கேட்க வேண்டும். பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கிலோ 30 ரூபாய்க்கு விற்ற தக்காளி 40 விழுக்காடு இறங்கி, மறு வாரம் 40 விழுக்காடு ஏறினால் பழைய விலைக்கு வந்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். 18 ரூபாய்க்கு இறங்கி 25 ரூபாய் 20 காசுக்குத்தான் ஏறும் என்று விளக்குவோர் முதலாம் ஆண்டில் எத்தனை பேர், மூன்றாம் ஆண்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாலே உங்கள் கல்லூரி என்ன செய்தது என்பதன் ஒரு பகுதி தெரிந்துவிடும்.

கேள்வி: இத்தகைய தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்குமா? தமிழ் வழியில் படித்த எங்கள் நிலை என்ன?
– மூன்றாம் ஆண்டு மாணவி, பாலக்கோடு

பதில்: தமிழில்தான் இருக்க வேண்டும், அம்மா. ஆங்கிலத்தில் கேட்டால் உங்கள் ஆங்கிலத்தைத்தான் அளப்போம், சிந்தனையை அல்ல. கொலம்பியா நாட்டில் பட்டப்படிப்பின் இறுதியில் எழுதும் சாபர் புரோ தேர்வில் வாசிப்பு, எண்வழிச் சிந்தனை, எழுத்து, குடிமைத் திறன் ஆகியவற்றைத் தம் மொழியான ஸ்பானியத்தில் சோதிக்கிறார்கள். ஆங்கிலத்துக்குத் தனிப் பகுதி உண்டு. அதே முறை நமக்கும் பொருந்தும்.

கேள்வி: இந்த மதிப்பெண்ணையும் பட்டச் சான்றிதழில் அச்சிட்டால், ஆள் எடுக்கும் எங்களுக்கு உதவியாக இருக்குமே?
– தொழிற்சாலை மனிதவள அலுவலர், ஓசூர்

பதில்: உங்கள் தேவை புரிகிறது, ஆயினும் நான் இதற்கு உடன்பட மாட்டேன். சான்றிதழில் ஏறிய மறு ஆண்டே இதற்கும் கைடு வந்துவிடும், ஃபுளோரைடு மனுவையும் மனப்பாடம் செய்வார்கள். அதே வேளையில், எந்தப் பலனும் இல்லாத தேர்வை மாணவர் ஏனோதானோவென்று எழுதுவார்கள் என்பதும் உண்மையே. பிரேசிலில் பட்டப்படிப்பு மாணவருக்காக 2004 முதல் நடக்கும் எனாடி தேர்வு இதற்கு ஓர் இடைவழி கண்டிருக்கிறது. அதில் பொதுக் கல்விக்கென்று தனி வினாக்கள் உண்டு. அந்தந்த ஆண்டு எடுத்துக்கொள்ளப்படும் படிப்புகளை முடிக்கும் மாணவர் தேர்வு எழுதியே ஆக வேண்டும். ஆனால் அவர் பெற்ற மதிப்பெண் படிப்புச் சான்றில் ஏறாது, எடை போடப்படுவது அந்தப் படிப்புத்தான். உங்கள் நிறுவனத்துக்கு எழுதத் தெரிந்தவர் வேண்டுமென்றால், நேர்முகத் தேர்வுக்கு வருபவரிடம் உங்கள் தொழிற்சாலையின் பழுது அறிக்கை ஒன்றைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் அதைச் சுருக்கி எழுதச் சொல்லுங்கள்.