விவாகரத்து முடியும் முன் தாலி வேண்டாம்

கேள்வி: தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள் நான். வயது 28, கிறிஸ்தவக் குடும்பம். சிறுவயதில் மண்டபம் அகதி முகாமில் இருந்து, பிறகு கனடா போய் அந்நாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்து ஒருவரை ஒன்றரை ஆண்டாக விரும்புகிறேன். இரண்டு முறை வந்து பார்த்துப் போனார். முதல் மனைவியைப் பிரிந்து இரண்டரை ஆண்டு ஆகிறது. அங்கே விவாகரத்து வழக்கு நடக்கிறது. "இப்போதைக்குக் கோயிலில் தாலி கட்டி வைப்போம், பதிவை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள் அவர் வீட்டில். கல்யாணம் ஆகாமலே கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொள்ள வழி உண்டு என்கிறார் ஒரு ஏஜென்ட். எது சரி?

பதில்: தாலிப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், சகோதரி. முதல் மனைவியோடு பந்தம் அறுபடாத ஒருவர் கட்டும் தாலி இந்தியச் சட்டத்தில் செல்லாது. உங்களை அதைவிட அதிகம் பாதிக்கப்போவது கனடா விதி. கல்யாண நாளன்று ஸ்பான்சர், அதாவது உங்களைக் கனடாவுக்கு அழைக்கிறவர், இன்னொருவரின் கணவராக இருந்திருந்தால், அந்தக் கல்யாணத்தைக் காட்டி உங்களை அழைக்க முடியாது. பின்னால் விவாகரத்து கிடைத்தாலும் அது சரியாகிவிடாது. புதிதாகத்தான் கல்யாணம் செய்ய வேண்டும். இடையில் தாலியோடு எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, விண்ணப்பத்தில் வேறு கதை இருந்தால், தவறான தகவல் தந்ததாக 5 ஆண்டுத் தடை விழலாம்.

ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் அல்ல. அமெரிக்காவில் இருப்பதுபோல நிச்சயித்தவர்களுக்கான விசா கனடாவில் கிடையாது. ஆனால் மணமாகாத துணைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'காமன்-லா'. ஒரே வீட்டில் தொடர்ந்து 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வந்து போனதும் வீடியோ காலும் அந்தக் கணக்கில் சேராது. வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே குஷ்பு வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் சுற்றுலா விசாவில் வருபவர் ஓராண்டு முழுக்க இங்கே குடித்தனம் நடத்த முடியாது. உங்கள் ஊரில் யார் வீடு கொடுப்பார்கள் என்பது வேறு கேள்வி!

இன்னொன்று 'கான்ஜுகல் பார்ட்னர்'. ஏஜென்ட் மனதில் இருப்பது இதுவாகத்தான் இருக்கும். குறைந்தது ஓராண்டு உறவு இருக்க வேண்டும். அதோடு, சேர்ந்து வாழவும் முடியவில்லை, மணக்கவும் முடியவில்லை என்று நிரூபிக்க வேண்டும். விவாகரத்துச் சட்டமே இல்லாத பிலிப்பைன்ஸ் போன்ற நாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், ஓரினத் தம்பதிகளுக்கும் பொருந்துகிற வழி இது. உங்கள் காதலருக்கோ கனடாவிலேயே வழக்கு நடக்கிறது. "முடியட்டும், கட்டிக்கொள்ளுங்களேன்" என்று அதிகாரி சொன்னால் பதில் இருக்காது. இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

அதனால் காத்திருங்கள். கனடாவில் ஓராண்டு பிரிந்திருந்தாலே விவாகரத்துக்குப் போதும். அவர் அதைத் தாண்டிவிட்டார். ஆனால் தீர்ப்பு பொதுவாக 31ஆம் நாளில்தான் நடைமுறைக்கு வரும். அதன் பிறகு தரும் விவாகரத்துச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் விமானம் ஏறட்டும். மதம் வேறு என்பதால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் உங்களுக்குத் தோது. நீங்கள் உங்கள் மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்தால் போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் கையெழுத்திட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 30 நாள் பலகையில் தொங்கும். நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். பலகையைப் பார்த்து உறவினர் யாராவது வந்து நிற்கலாம். "மதம் பிடிக்கவில்லை" என்பது சட்டப்படி ஆட்சேபணையே அல்ல, பயப்படாதீர்கள். வீடியோவில் கல்யாணம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இருவரில் ஒருவர் நேரில் இல்லாவிட்டாலும் அந்தக் கல்யாணத்தைக் கனடா ஸ்பான்சருக்கு ஏற்காது.

ஆனால் தேதி குறிப்பதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முதல் மனைவியை அவர்தான் ஸ்பான்சர் செய்து அழைத்தாரா? அப்படியானால் அந்தப் பெண் நிரந்தர வசிப்புரிமை பெற்ற நாளிலிருந்து மூன்றாண்டு ஆகும்வரை உங்களை ஸ்பான்சர் செய்ய முடியாது. அல்லது அவரே ஒரு மனைவியின் ஸ்பான்சரில் கனடா போனவரா? அப்படியென்றால் அவர் நிரந்தர வசிப்புரிமை பெற்ற நாளிலிருந்து ஐந்தாண்டு. இந்தத் தேதிகளை வாய்வார்த்தையாக அல்ல, காகிதத்தில் பார்த்துவிடுங்கள்.