குஸ்னெட்சோவா, சாரா, மேடமா? ரஷ்யப் பேர்ல முதல்ல வாலைப் பாருங்க

திருச்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பொண்ணு ரஷ்யாவுக்கு எம்.பி.பி.எஸ். படிக்கப் போறா. காலேஜ்ல இருந்து வந்த லிஸ்ட்ல குஸ்னெட்சோவ், குஸ்னெட்சோவா, ட்ரோயிட்ஸ்கி, செர்னிக்னு வாத்தியாருங்க பேர் போட்டிருக்கு. இதுல யாரு ஆம்பள, யாரு பொம்பளன்னே புரியல. இந்தப் பேருக்கெல்லாம் அர்த்தம் உண்டா? அவங்கள எப்படிக் கூப்பிடணும்?"

அர்த்தம் தாராளமா உண்டுங்க, ஆனா அதுக்கு முன்னாடி பேரோட வால் பகுதியப் பாத்துருவோம், உங்க பாதிக் கேள்விக்கு அங்கயே பதில் இருக்கு. நம்ம கிராமத்துல "யாரு வீட்டுப் புள்ளடா நீ"ன்னு கேட்டா "முனியனோட மகன்"னு சொல்லுவோம்ல, அந்த "ஓட" செய்யற வேலையத்தான் அங்க "ஓவ்" செய்யுது. "இவானோவ்"ங்கறது இவானோட பிள்ளை. சில எழுத்துக்கு அப்புறம் அது "எவ்"னு மாறும், "ஆ"ல முடியற பேரா இருந்தா "இன்" சேரும். ககாரான்னு தண்ணியில முங்கி மீன் பிடிக்கிற ஒரு பறவை, அந்தப் பட்டப்பேர் இருந்த யாரோ ஒரு முன்னோரோட வழி வந்த குடும்பப் பேர்தான் ககாரின், 1961ல விண்வெளிக்குப் போன யூரி ககாரின் பேர் அதான். புஷ்கான்னா பீரங்கி, அதுலேர்ந்து புஷ்கின்.

"யாரோட"ன்னு சொல்ற சொல்லா இருக்கறதால மகன்னா ஒரு மாதிரி, மகள்னா ஒரு மாதிரி மாறும். மகன் இவானோவ், மகள் இவானோவா. புருஷன் பேர் குஸ்னெட்சோவ், பொண்டாட்டி பேர் குஸ்னெட்சோவா, ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்ல. ட்ரோயிட்ஸ்கி ஆம்பள, பொம்பளையா இருந்தா ட்ரோயிட்ஸ்கயான்னு வந்திருக்கும். ஆனா செர்னிக் மாதிரி "இக்"ல முடியற பேர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் (கறுப்பருங்க வீட்டு ஆளுன்னு அர்த்தம், யூரல், சைபீரியா பக்கம் நிறைய பாக்கலாம்). உக்ரைன் வழி வந்த "என்கோ", ஜார்ஜியாவோட "ஷ்விலி" இதுவும் மாறாது. என்கிட்ட படிச்ச ஒரு பையன் "டியர் மிஸ்டர் குஸ்னெட்சோவா"ன்னு மெயில் போட்டுட்டான், அந்த ஒரு "ஆ"வ கவனிக்காததுதான் காரணம்.

இப்ப அர்த்தம். குஸ்னெட்ஸ்னா கொல்லன். மெல்னிகோவ் மாவு மில்காரன் வழி, கொன்சரோவ் குயவன் வழி, பொப்போவ் பாதிரியார் வழி. வோல்கோவ்ல ஓநாய் இருக்கு, மெத்வேதேவ்ல கரடி, ஸய்ட்ஸெவ்ல முயல். எனக்கு ரொம்பப் பிடிச்சது நெக்ரசோவ். நெக்ராஸ்னா "அழகில்லாதவன்". பெத்த பிள்ளைக்கு அப்படி ஒரு பேரான்னு தோணும், ஆனா நாமளும் ரெண்டு மூணு பிள்ளை தங்காமப் போன வீட்ல அடுத்ததுக்குக் குப்பை, பிச்சைன்னு பேர் வச்சோமே, கண்ணு படக்கூடாது, எமன் எட்டிப் பாக்கக்கூடாதுன்னு, அதே பயம்தான் அங்கயும், பழைய ரஷ்யத் தாய்மாரும் அப்படித்தான் பிள்ளையக் காப்பாத்தப் பாத்திருக்காங்க. "நெஜ்தானோவ்"ங்கறது எதிர்பாக்காம வந்தவன் வீடு, "த்ரெத்யகோவ்"ங்கறது மூணாவதாப் பொறந்தவன் வீடு.

ட்ரோயிட்ஸ்கி கதை வேற. சாமியார் படிப்பு படிக்கற செமினரிகள்ல பையன்களுக்குப் புதுசா குடும்பப் பேர் வைப்பாங்க, சர்ச் பேரையோ திருநாள் பேரையோ வச்சு. ட்ரோயிட்ஸா மூவொரு கடவுள், அதுலேர்ந்து ட்ரோயிட்ஸ்கி, கிறிஸ்துமஸ்லேர்ந்து ரோஜ்தெஸ்த்வென்ஸ்கி. அதுக்காக ஸ்கின்னு முடிஞ்சாலே பாதிரியார் வம்சம்னு நினைக்காதீங்க, வியாஸ்மாங்கற ஊர்லேர்ந்து வியாஸெம்ஸ்கின்னு ஊர்ப்பேரும் அப்படித்தான் வரும். கர்ப்போவ்வ பாத்தா கெண்டை மீன் ஞாபகம் வரும், ஆனா கார்ப்னு ஒரு ஞானஸ்நானப் பேரே இருக்கு, பெரும்பாலும் அதுலேர்ந்து வந்ததுதான்.

சாதாரண ஜனங்களுக்கு இந்தப் பேரெல்லாம் ரொம்பப் பழசு இல்ல. பிரபுக்களுக்கு எப்பவோ வந்துருச்சு, ஆனா பண்ணையடிமையா இருந்த விவசாயிங்கள்ல நிறையப் பேருக்கு 1861ல விடுதலை கிடைச்சப்புறம்தான் பதிவேட்டுல நிரந்தரமா ஒரு பேர் ஏறுச்சு. அப்ப, அப்பா பேரையோ ஊர்ல கூப்பிட்ட பட்டப்பேரையோ எழுதிக்கிட்டாங்க. நாம பிள்ளைக்கு வைக்கற ஸ்டாலின் இந்தக் கணக்குல வராது, அது புரட்சிக்காரர் தனக்குத் தானே வச்சுக்கிட்ட பேர், ஸ்தால்னா எஃகு, அவரோட வீட்டுப் பேர் ஜுகாஷ்விலி.

கூப்பிடறதுக்கு இதுல எதுவுமே வேண்டாம், இதத்தான் பொண்ணுகிட்ட அழுத்திச் சொல்லணும். வாத்தியாரை நேர்ல குடும்பப் பேர் சொல்லிக் கூப்பிடறது மரியாதை இல்ல. சொந்தப் பேரும் அப்பா பேரும் சேத்துச் சொல்லணும்: "இரீனா செர்கேயெவ்னா", அதாவது செர்கேயோட மக இரீனா. ஆம்பளைன்னா "அந்த்ரேய் செர்கேயெவிச்". நம்ம இனிஷியல விரிச்சு வாய்விட்டுச் சொன்னா எப்படியோ அப்படி, இதுக்கு ஒத்செஸ்த்வோன்னு பேர். செர்னிக் ஆணா பெண்ணாங்கற குழப்பமும் இங்க தீர்ந்துடும், "வ்னா"ன்னு முடிஞ்சா பெண், "விச்"னு முடிஞ்சா ஆண். லிஸ்ட்ல முதலெழுத்து மட்டும் போட்டிருந்தா ஆபீஸ்ல முழுப் பேரக் கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல பொண்ணோட அப்பா பேர் இருக்கும்ல, முருகேசன்னு வச்சுக்கங்க, கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப "முருகேசன்!"னுதான் கூப்பிடுவாங்க, அப்பாவத் தேடாம இவதான் கை தூக்கணும். அது ரஷ்யப் பேர் இல்லாததால முருகேசனோவான்னெல்லாம் ஆகாது, அப்படியே இருக்கும். ரஷ்யன்ல "ஹ" கிடையாது, ஹேமான்னு இருந்தா "Г" எழுத்து போட்டு "கேமா"ன்னோ "Х" எழுத்து போட்டு "ஃகேமா"ன்னோ ரெண்டு விதமா எழுதலாம், அதனால விசாவுல எந்த ஸ்பெல்லிங் இருக்கோ அதையே பாஸ்போர்ட் மொழிபெயர்ப்புலயும் போடச் சொல்லுங்க, ஒரு எழுத்து மாறினாக்கூட அப்புறம் அலைச்சல். ஃபார்ம்ல ஒத்செஸ்த்வோ கட்டம் வந்தா அப்பா பேர்ல "வ்னா" ஒட்டி நாமளா எதுவும் எழுத வேண்டாம், பாஸ்போர்ட்ல இல்லாத பேர் அது, ஒரு கோடு போட்டு விட்டுடச் சொல்லுங்க.